சாமான் அறையில் கிடைத்த உப்பு



ஆஸ்திரேலியாவில், மெல்போர்ன் நகரை ஒட்டிய பண்டூராவில், போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்கென்று ஒரு மனநல மருத்துவமனை இருந்தது. அங்கே யாரும் புழங்காத சமையல் சாமான் அறை ஒன்றை ஆய்வுக்கூடமாக்கிக்கொண்டார் ஜான் கேட் என்ற மருத்துவர். சிங்கப்பூரின் சாங்கியில் மூன்றரை ஆண்டுகள் ஜப்பானியரிடம் போர்க்கைதியாக இருந்து மீண்டவர் அவர்.

அவர் மனத்தில் ஓடிய கேள்வி எளிமையானது. தைராய்டு மிகுதியாகச் சுரந்தால் மனிதர் படபடக்கிறார்; குறைந்தால் மந்தமாகிறார். அதுபோல, தூக்கமே இல்லாமல் நாள்கணக்கில் பேசி, ஓடி, கையிலிருப்பதையெல்லாம் வாரி இறைக்கும் மன எழுச்சி நோயிலும், உடலுக்குள் ஏதோ ஒன்று மிகுந்துவிடுகிறதோ? நோயாளிகளின் சிறுநீரை எடுத்துக் கினிப் பன்றிகளுக்கு ஊசி போட்டுப் பார்த்தார். யூரிக் அமிலத்தின் பங்கை அறிய விரும்பினார்; அது தண்ணீரில் எளிதில் கரையாது. கரையக்கூடிய வடிவம் வேண்டும் என்பதற்காக லித்தியம் உப்பைச் சேர்த்தார். தொட்டாலே துள்ளும் அந்தப் பிராணிகள் மல்லாக்கப் போட்டாலும் அசையாமல் கிடந்தன!

அவை லித்தியத்தின் நஞ்சால் சோர்ந்திருக்கலாம் என்று பின்னால் வந்தவர்கள் கருதினார்கள். ஆக, கேட் போட்ட கணக்கு பிழை. கிடைத்த விடையோ பொன்.

முதலில் தானே அந்த உப்பை விழுங்கிப் பார்த்தார். பிறகு, 1948 மார்ச் மாதம், ஐந்தாண்டுகளாக ஓயாத எழுச்சியில் இருந்த 51 வயது மனிதருக்குக் கொடுத்தார். மூன்றே வாரத்தில் அவர் அடங்கினார். சில மாதங்களில் வீட்டுக்குப் போனார், பழைய வேலையிலும் சேர்ந்தார். அப்புறம் மாத்திரையை நிறுத்திவிட்டார். நோய் திரும்பியது. மீண்டும் லித்தியம் கொடுத்தார்கள். இம்முறை அதன் நஞ்சே ஏறி, 1950இல் அவர் இறந்துபோனார். கேட் மனமொடிந்து அந்தச் சிகிச்சையைக் கைவிட்டார். நோயைத் தணிக்கும் அளவுக்கும் உயிரைக் குடிக்கும் அளவுக்கும் இடைவெளி அவ்வளவு குறுகல்.

அந்த இடைவெளியில் பாதை போட்டவர்களில் முதன்மையானவர் டென்மார்க்கின் மோகென்ஸ் ஷோ. 1954இல் முறையான ஒப்பீட்டுச் சோதனை நடத்தி, லித்தியம் பயன் தருவதைக் காட்டினார். அவருடைய தம்பியே ஆண்டுதோறும் வரும் மனச்சோர்வில் வாடியவர். லித்தியம் அந்தச் சுழற்சியை நிறுத்தியது. இரத்தத்தில் லித்தியத்தை அளக்கும் கருவியும் வந்தது. 1970இல் அமெரிக்கா லித்தியத்தை மருந்தாக அனுமதித்தது. மன எழுச்சியும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவ மனநோயில் தற்கொலையைக் குறைப்பதற்கு லித்தியத்துக்கு இருக்கும் சான்றின் வலு வேறெந்த மருந்துக்கும் இல்லை.

மூளையில் லித்தியம் என்ன செய்கிறது? நரம்பணுவுக்குள் செய்தி கடத்தும் சில நொதிகளைத் தடுக்கிறது என்பது தெரியும். முழு விளக்கம் இன்னும் வரவில்லை. இருதுருவ மனநோய் வருவதில் மரபணுவின் பங்கு பெரியது. ஒரே கருவில் உதித்த இரட்டையரில் ஒருவருக்கு இருந்தால், மற்றவருக்கும் வரும் வாய்ப்பு பிறரைவிடப் பன்மடங்கு அதிகம். ஆனால் கட்டாயம் வரும் என்பதில்லை. தூக்கம் கெடுவதும், இழப்பும், அதிர்ச்சியும்கூட நோயைக் கிளப்பிவிடும். வளர்ப்பு சரியில்லை என்று அம்மாவைக் குறை சொல்வதும், மனத்திடம் இல்லை என்று பிள்ளையைக் கடிவதும் எத்தனை கொடிய அநியாயம்!

நம் வீடுகளுக்கு ஒரு செய்தி. லித்தியம் சாப்பிடுகிறவர் தாமாகவே உப்பில்லாப் பத்தியம் இருக்கக் கூடாது. உப்புக் குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றாமல் தேக்கிவைக்கும். வாந்தி பேதியிலும், கோடையில் வியர்த்து நீர் வற்றும்போதும் இதே ஆபத்து. சில வலி மாத்திரைகளும் அப்படியே. கை நடுக்கம் கூடினாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தைராய்டையும் சிறுநீரகத்தையும் அவ்வப்போது பரிசோதிக்க வேண்டும். லித்தியம் அளவு பார்க்கும் நாளில், முந்தின இரவு மாத்திரை போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, காலை மாத்திரைக்கு முன்பே இரத்தம் கொடுக்க வேண்டும்.