உப்புக்கும் ஒரு பருவம்

இன்றைக்குக் கொச்சியின் மட்டாஞ்சேரிக்குப் போவோம்.

பஜார் ரோட்டில் நுழைந்தாலே சுக்கும் மிளகும் மணக்கும். போர்ச்சுக்கீசியர் கட்டியும் டச்சு அரண்மனை என்றே பெயர் நிலைத்துவிட்ட அரண்மனை, 1568இல் எழும்பிய யூதர்களின் ஜெப ஆலயம், இவற்றையெல்லாம் எந்த வழிகாட்டியும் காட்டிவிடுவார். நாம் பஜார் ரோட்டுக் கிட்டங்கிகளின் பின்பக்கம் போகலாம். பின்வாசலைத் தாண்டினால் காயல். முன்பு வள்ளங்கள் நேரே இங்கே வந்து மூட்டை ஏற்றும், இறக்கும்.

இந்தக் காயல் தண்ணீர் மாசியில் கடலைப் போல உப்புக் கரிக்கும். ஆடியில், மழை வலுத்துவிட்டால், மேல்தண்ணீரில் உப்பே தெரியாது. நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டாம், அவ்வளவு அழுக்கு. ஆனால் இங்கே வாழும் மீனுக்கும் இறாலுக்கும் மட்டிக்கும் இந்த மாற்றம்தான் நாள்காட்டி.

ஆற்றுக்கொஞ்சு என்றொரு பெரிய இறால் உண்டு. நீலக் கால், உள்ளங்கைக்கு அடங்காத உடல். வளர்வது நன்னீரில். முட்டை பொரிக்க மட்டும் காயலின் உவர்நீருக்கு இறங்கி வரவேண்டும், ஏனென்றால் அதன் குஞ்சு நன்னீரில் பிழைக்காது. குஞ்சு தேறியபின் மறுபடி ஆற்றை நோக்கி ஏறும். ஆக, ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே வழி திறந்திருக்க வேண்டும், அதுவும் உரிய மாதத்தில்.

இந்தக் காயலின் பெயர் வேம்பநாடு. அதற்கு நன்னீர் கொண்டுவருபவை ஆறு ஆறுகள். கொச்சிப் பக்கம் பெரியாறு. கம்பத்திலும் தேனியிலும் இருந்து கேட்கும் நேயர்களுக்கு அது நன்றாகத் தெரிந்த பெயர். பொறியாளர் பென்னிகுயிக் 1895இல் கட்டி முடித்த அணையிலிருந்து நம் பக்கம் திரும்பும் தண்ணீர் அந்த ஆற்றினுடையதுதான். மிச்சம் வருவதை இடுக்கி அணை பிடித்துக்கொள்கிறது. அங்கே மூலமற்றத்தில் மின்சாரம் எடுத்தபின் அந்தத் தண்ணீர் பெரியாற்றுக்குத் திரும்புவதில்லை, மூவாற்றுப்புழை ஆற்றுக்குப் போய்விடுகிறது. கோடையில் பெரியாறு மெலிந்துபோக, கடல் ஆலுவா பக்கம் ஏறப் பார்க்கிறது. கொச்சி நகரத்துக்குக் குடிநீர் எடுப்பது ஆலுவாவில் என்பதால் உப்பைத் தடுக்கப் பாதாளம் என்ற இடத்தில் ஷட்டர் போட்டிருக்கிறார்கள். ஷட்டருக்கு மேலே தேங்கும் தண்ணீரில் ஏலூர், எடயார் தொழிற்சாலைகளின் கழிவும் சேரும். 2024 மே மாதம் ஷட்டரைத் திறந்தபின் கீழே மீன்கள் கூட்டம் கூட்டமாகச் செத்து மிதந்தன. அணைக்கதவை எப்போது, எப்படித் திறப்பது என்பது வெறும் பொறியாளர் சங்கதி அல்ல.

மட்டாஞ்சேரியிலிருந்து தெற்கே தோப்பும்படி வழியாகக் கும்பளங்கிக்கு வாருங்கள். இருபுறமும் பொக்காளி நெல் வயல்கள். வரப்பில் மரப்பலகை போட்ட ஒரு சின்ன மதகு இருக்கும். இங்கே தூம்பு என்பார்கள். என் மனதில் கொச்சியின் மிக அழகான கட்டடம் இதுதான், அரண்மனையெல்லாம் அப்புறம்.

இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழைக்கு முன் வயலை வடித்து, மண்ணைச் சிறு குன்றுகளாகக் குவிக்கிறார்கள். மழை அந்தக் குன்றிலிருந்து உப்பைக் கழுவிவிடும். அதன்மேல் முளைகட்டிய விதையைத் தூவுவார்கள். நாற்று நின்றதும் குன்றை வெட்டிப் பரப்புவார்கள். பயிர் ஆள் உயரம் வளரும். உரம் இல்லை, மருந்து இல்லை. ஐப்பசியில் கதிரை மட்டும் அறுத்துத் தாளைத் தண்ணீரிலேயே விட்டுவிடுவார்கள். நவம்பர் நடுவில் உப்பு ஏறிவர, அந்தத் தாள் அழுகி இறாலுக்குத் தீனியாகும். இரவில் ஓதம் ஏறும்போது தூம்பு வாயில் ஒரு விளக்கைத் தொங்கவிட்டுப் பலகையைத் தூக்குவார்கள். வெளிச்சத்தைத் தேடி இறால் குஞ்சுகள் உள்ளே வரும். அமாவாசையிலும் பௌர்ணமியிலும் ஓதம் வேகமாக வடியும்போது அதே வாயில் வலை கட்டிப் பிடிப்பார்கள். ஏப்ரல் நடுவோடு இறால் முறை முடிந்து, மறுபடி நெல்லுக்கு வயலை விடவேண்டும். விடாமல் ஆண்டு முழுக்க இறாலே போதும் என்றிருப்பவர்கள் இப்போது பலர். நெல்லில் கூலிக்கே கட்டுப்படியாகவில்லை என்பது அவர்கள் பக்கத்து நியாயம்.

இன்னும் தெற்கே போனால் பெரிய கதவு வரும். தண்ணீர்முக்கம் தடுப்பணை. காயலின் குறுக்கே ஏறத்தாழ 1.4 கிலோமீட்டர் நீளம், 1970களில் கட்டியது. அதற்கு அப்பால் கடல் மட்டத்துக்கும் கீழே நெல் விளையும் குட்டநாடு. புஞ்ச எனப்படும் நெற்பயிரில் உப்பு ஏறாமலிருக்க டிசம்பர் நடுவில் ஷட்டர்களை இறக்குகிறார்கள். மார்ச் நடுவில் தூக்கவேண்டும். அறுவடை தள்ளிப்போனால் அதுவும் தள்ளிப்போகும். நெல்காரர் இன்னும் கொஞ்சம் பொறு என்பார், மீன்காரர் உடனே திற என்பார், ஆண்டுதோறும் இதே வழக்கு. அடைத்திருக்கும் மாதங்களில் ஆற்றுக்கொஞ்சுக்கு இறங்க வழியில்லை. உப்புப் பட்டால் கருகிவிடும் ஆகாயத்தாமரை அங்கே தழைத்துக் கிடக்கும். மழைக்காலத்தில் அது மிதந்து கொச்சிக்கே வந்து, நீங்கள் புகைப்படம் எடுக்கும் சீன மீன்பிடி வலைகளில் சிக்கிக்கொள்ளும்.

ஆற்றுயிர்களுக்காகத் தண்ணீர் திறப்பது வேறிடத்திலும் நடக்கிறது. ஆஸ்திரேலியாவில் மர்ரே–டார்லிங் ஆறுகளுக்கு 2007இல் ஒரு சட்டம் போட்டு, ஆற்றுக்காகத் தண்ணீர் உரிமையை விலைக்கு வாங்கி வைத்திருக்க ஓர் அரசுப் பதவியையே உண்டாக்கினார்கள். கரையோர ‘ரெட் கம்’ யூகலிப்டஸ் காடுகளுக்கும் மர்ரே காட் என்ற மீனுக்கும் அந்தத் தண்ணீரைப் பருவம் பார்த்துத் திறக்கிறார்கள். வேம்பநாட்டில் அப்படி விலைக்கு வாங்க வேண்டியதில்லை. குட்டநாட்டார் எல்லோரும் ஒரே காலத்தில் விதைத்து ஒரே காலத்தில் அறுத்தாலே கதவைச் சில வாரம் முன்னதாகத் தூக்கலாம். எம்.எஸ். சுவாமிநாதன் ஆய்வு நிறுவனம் குட்டநாட்டுக்குத் தந்த அறிக்கையிலும் பயிர் நாள்காட்டி வேண்டும் என்ற பேச்சு இருக்கிறது. படகு வீடுகளுக்குக் காட்டிய சுறுசுறுப்பை அரசு இதற்குக் காட்டவில்லை என்பது என் எண்ணம்.

போகிறவர்கள் டிசம்பர், ஜனவரியில் ஓர் அமாவாசையை ஒட்டிப் போங்கள், தூம்பில் வலை கட்டுவதைப் பார்க்கலாம். சாப்பாட்டுக் கடையில் கரிமீன் கேட்பீர்கள். கேரளத்தின் மாநில மீன் அது. வாழையிலையில் பொதிந்து சுட்டுத் தருவார்கள். கேட்கும்போதே "நாடனா, ஆந்திராவா?" என்று சேர்த்துக் கேளுங்கள். உள்ளூர்க் காயல் மீன் போதாமல் ஆந்திரத்துக் குளங்களிலிருந்தும் ஐஸ் பெட்டியில் கரிமீன் வருகிறது.