கரோதர்ஸ் கைவிட்ட பாலிஎஸ்தர்கள்

நிலைத்த பயன்பாட்டுக்குரிய பொருள்களை ஆராயக் கூடியுள்ள இம்மாநாடு, தன் துறையின் தொடக்கத்தை அண்மைக்காலச் சூழலியல் கவலைகளில் தேடுவதைவிட, அமெரிக்க வேதியியலாளர் வாலஸ் கரோதர்ஸ் 1929 முதல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரைகளில் தேடுவதே பொருத்தமாகும். நைலானைக் கண்டவர் என்ற ஒரே புகழுக்குள் அவரை அடக்கிவிடுவது அவருடைய பணியில் பாதியை மறைத்துவிடுகிறது. மறைந்துபோன அந்தப் பாதியே இன்று இவ்வவைக்கு மிகவும் தேவைப்படுவது.

ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் கற்பித்துவந்த கரோதர்ஸ் 1928இல் டெலவேர் மாநிலத்து வில்மிங்டனில் டு பான்ட் நிறுவன ஆய்வகத்தில் சேர்ந்தபோது, பலபடி, அதாவது பாலிமர், என்பது உண்மையில் என்ன என்ற கேள்வியே தீராத வழக்காக இருந்தது. ரப்பரும் செல்லுலோசும் சிறு மூலக்கூறுகள் திரண்ட கூட்டங்களே என்று பலர் கருதிவர, அவை வேதிப்பிணைப்பால் தொடுக்கப்பெற்ற நெடுஞ்சங்கிலிகள் என்று வேதியியலாளர் எர்மான் ஸ்டாடிங்கர் 1920 முதல் வாதிட்டுவந்தார். கரோதர்ஸ் தேர்ந்த வழி, எல்லாருக்கும் தெரிந்த வினையொன்றை எடுத்துக்கொண்டு, அச்சங்கிலியைக் கண்ணி கண்ணியாகக் கட்டிக் காட்டுவது.

இரு முனைகளிலும் அமிலத்தொகுதி உடைய ஒரு சேர்மமும் இரு முனைகளிலும் ஆல்ககால் தொகுதி உடைய மற்றொன்றும் வினைபுரியும்போது எஸ்தர் பிணைப்பு உருவாகி, ஒவ்வொரு பிணைப்புக்கும் ஒரு நீர் மூலக்கூறு வெளியேறுகிறது. இவ்வினை மீள்வினை ஆதலால், வெளியேறாமல் தங்கிய நீர் சங்கிலியைத் திரும்ப வெட்டும். வினை நூற்றுக்கு 95 பங்கு முடிந்தால் சங்கிலியில் சராசரியாக 20 அலகுகளே இருக்கும். 99 பங்கு முடிந்தால் 100 அலகுகள் சேரும். எஞ்சிய சிறு பங்கே பொருளின் வலிமையைத் தீர்மானிக்கிறது என்பதை இன்று அவர் பெயரால் வழங்கும் சமன்பாடு காட்டுகிறது. ஆகவே உயர் வெற்றிடத்தில், உருகிய பொருளுக்கு மிக அருகே குளிர்ந்த பரப்பொன்றை நிறுத்தி, ஆவியாகும் நீரை உடனுக்குடன் பிடித்துவிடும் மூலக்கூற்று வடிகலத்தை அவர் குழு கையாண்டது. மூலக்கூற்று எடை 10,000ஐக் கடந்தது. 1930 ஏப்ரலில் உடன்பணியாளர் ஜூலியன் ஹில் அவ்வுருகலில் கண்ணாடிக் கோலைத் தோய்த்து எடுத்தபோது இழை நீண்டது. ஆறிய பின்னும் அதை இழுக்க முடிந்ததோடு, மங்கியிருந்த இழை, சங்கிலிகள் ஒரே திசையில் ஒழுங்குபட்டதால், பளபளப்பும் உறுதியும் பெற்றது.

எனினும் அந்தப் பாலிஎஸ்தர்கள் 100 பாகை செல்சியசுக்குக் கீழேயே உருகின, வெந்நீரைத் தாங்கவில்லை. துவைத்துத் தேய்க்க வேண்டிய துணிக்கு இவை உதவா என்று தொழில்துறை முடிவு செய்தது. அன்றைய நோக்கில் அது நியாயமான முடிவே. எஸ்தருக்கு மாற்றாக அமைடு பிணைப்பை நாடிய ஆய்வு 1935 பிப்ரவரி 28 அன்று நைலான் 6,6ஐ ஈன்றது. மனச்சோர்வு நோயால் நெடுங்காலம் வருந்திய கரோதர்ஸ், அது சந்தைக்கு வருமுன்பே 1937இல் தம் 41ஆம் அகவையில் உயிர்துறந்தார்.

கைவிடப்பட்டவற்றுள் ஒன்று தனிக் கவனத்துக்குரியது. லாக்டிக் அமிலத்தின் இரு மூலக்கூறுகள் இணைந்த வளையமான லாக்டைடு, சூடேற்றப்படும்போது பலபடியாக விரிவதையும், அப்பலபடி மீண்டும் வளையமாக மாறுவதையும் 1932இல் அவரும் உடன்பணியாளர்களும் விளக்கினர். கட்டுவதும் பிரிப்பதும் ஒரே வேதியியலின் இரு திசைகள் என்ற கருத்து அங்கே முழுமையாக உள்ளது. நீரால் சிதையும் அதே இயல்பே பின்னர் உடலுக்குள் தானாகக் கரையும் அறுவைத் தையல் இழைகளுக்கு வழிவகுத்தது; இன்று மக்காச்சோள மாவுப்பொருளிலிருந்தும் கரும்புச் சர்க்கரையிலிருந்தும் பாலிலாக்டிக் அமிலம் தயாராகிறது.

ஆயினும் அதன்மீது ஒட்டப்படும் 'மட்கும்' என்ற முத்திரையை அப்படியே ஏற்பது தவறு. ஏறத்தாழ 60 பாகை வெப்பமும் ஈரமும் உள்ள தொழில்முறை உரக்கூடத்தில் விரைந்து சிதையும் அப்பொருள், குளிர்ந்த கடல்நீரில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். மறுபுறம், 1941இல் வேதியியலாளர்கள் வின்ஃபீல்டும் டிக்சனும் சங்கிலிக்குள் பென்சீன் வளையத்தைப் புகுத்தி ஆக்கிய பெட் (PET) பாலிஎஸ்தர் என்றும் அழியாதது எனக் கருதப்பட்டுவந்தது. அதை உணவாக்கும் பாக்டீரியா ஜப்பானின் சகாய் நகரில் கிடைத்ததாக 2016இல் அறிவிக்கப்பட்டது. பிரெஞ்சு ஆய்வாளர்கள் திருத்தியமைத்த நொதியொன்று, பதப்படுத்திய பெட்டில் 90 விழுக்காட்டை 10 மணி நேரத்தில் ஒற்றைப்படிகளாக, அதாவது மூல அலகுகளாக, பிரித்ததை 2020ஆம் ஆண்டுக் கட்டுரை காட்டியது. எனவே ஒரு பொருளின் சிதைவு, பிணைப்பின் பெயரைமட்டும் பொறுத்ததன்று. வெப்பநிலை, நீர், படிகத்தன்மை, வினையூக்கி ஆகிய அனைத்தையும் பொறுத்தது.

ஆதலால் இவ்வரங்குகளில் முன்வைக்கப்படும் ஒவ்வொரு புதிய பலபடிக்கும், அதன் இழுவலிமையும் உருகுநிலையும் தரப்படும் அதே அட்டவணையில், அது எந்த வெப்பநிலையில், எந்த ஊடகத்தில், எவ்வளவு காலத்தில் ஒற்றைப்படியாக மீள்கிறது என்ற அளவீடும், மீண்டதைக் கொண்டு மறுபடி ஆக்கிய பொருளின் மூலக்கூற்று எடையும் இடம்பெற வேண்டும். அவை இல்லாத ஆய்வுரைகளிடம் அவற்றைக் கேட்கும் பொறுப்பு அமர்வுத் தலைவர்களுடையது.