எந்த முகத்தை வைத்துக்கொண்டு?

செய்யத் தகாததைச் செய்துவிட்டு, ஒன்றும் நடவாதவன் போல் எதிரே வந்து நிற்பவனை நம் வீட்டுப் பெரியவர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள்: "எந்த முகத்தை வைத்துக்கொண்டு இங்கே வந்தாய்?"

மாணவ நண்பர்களே, ஆங்கிலத்தில் வழங்கும் 'எஃப்ரன்டரி' என்னும் சொல்லுக்குள்ளும் ஏறக்குறைய இதே கேள்விதான் ஒளிந்திருக்கிறது. இலத்தீனில் 'ஃப்ரான்ஸ்' என்பது நெற்றி; 'எஃப்ரான்ஸ்' என்றால் நெற்றியற்றவன். நாணம் வெளிப்படுவதற்குரிய இடமே இல்லாதவன் எதற்கு நாணுவான்? இச்சொல் பிரெஞ்சு வழியே ஆங்கிலம் புகுந்தது. 'பிரேசன்' என்று மற்றொரு சொல்லும் உண்டு. பித்தளையால் ஆன முகம் என்பது அதன் கருத்து. பித்தளை சிவப்பதில்லை அன்றோ! நாம் எருமைத் தோல் என்கிறோம்.

'அடாஸிட்டி' என்ற சொல்லோ இருதலைக் கொள்ளி. துணிதல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினையிலிருந்து வந்த அது, வீரனைப் புகழவும் உதவும். வெட்கங்கெட்டவனை இகழவும் உதவும். தமிழ் இவ்விரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறது. துணித்தல் என்பது வெட்டுதல். ஐயத்தை அறுத்துவிட்டு முடிவுக்கு வருவதே துணிவு. அதில் நாணக்கேடு சிறிதும் இல்லை. நாணக்கேட்டோடு கூடியது துடுக்கு. வகுப்பிலே எழுந்து ஐயம் கேட்கும் பெண்ணைத் 'துடுக்குக்காரி' என்பவர்கள் தமிழையும் அறியார், அப்பெண்ணையும் அறியார்.

ஆயினும், ஒரே செயலில் இவ்விரண்டும் கலந்து நிற்பதும் உண்டு. சுருளிப்பட்டி மாணவர்கள் அதைக் காணத் தொலைவு செல்ல வேண்டியதில்லை. மேற்கே ஓடி அரபிக்கடலில் கலந்த பெரியாற்றை மறித்து, மலையைக் குடைந்து, கம்பம் பள்ளத்தாக்கின் வழியே வைகைக்குத் திருப்பினார் பொறியாளர் பென்னிகுயிக். 1895-இல் நீர் வந்தது. அது துணிவு, ஐயமில்லை.

அதற்கு முன், 1886-இல், திருவிதாங்கூரோடு ஆங்கில அரசு செய்துகொண்ட குத்தகையைப் பாருங்கள். ஏக்கருக்கு ஆண்டு வாடகை 5 ரூபாய். காலம் 999 ஆண்டு! கேட்டதோ பேரரசு, கொடுத்ததோ அதற்கு அடங்கிய சமஸ்தானம். அந்நீரால் நம் வயல்கள் விளைந்தன என்பது உண்மையே. ஆனால் விளைச்சல் வேறு, கேட்ட முறை வேறு. இதற்கு 'எஃப்ரன்டரி' என்ற சொல் பொருந்தும் என்பது என் கருத்து.

999 ஆண்டுக்குக் குத்தகை எழுதிய ஆட்சி, 61-ஆம் ஆண்டில் கப்பலேறிவிட்டது. 1970-இல் தமிழகமும் கேரளமும் பேசி, வாடகையை 30 ரூபாயாக உயர்த்தின. ஆண்டுக் கணக்கு மட்டும் அப்படியே நின்றது.