தக்காளியும் வெள்ளை ஈயும்



உடுமலைப்பேட்டைப் பக்கத்தில் தக்காளி முக்கியமானதொரு பணப்பயிர். சந்தையில் பெட்டி விலை இறங்கிவிட்டால், பறிப்புக் கூலிக்கும் கட்டாது என்று குடியானவர் தோட்டத்தை அப்படியே விட்டுவிடுகிறார். அவரைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் கைவிடப்பட்ட அச்செடிகளே பக்கத்து நிலத்தாருடைய புது நடவுக்குப் பகையாகின்றன.

இலை சுருண்டு மஞ்சளித்து, செடி குட்டையாகிப் பூ உதிர்வது இலைச்சுருள் நோய். இதனை உண்டாக்குவது வைரஸ் என்னும் நுண்கிருமி. அதனைச் சுமந்து திரிவது ஒரு மில்லிமீட்டர் அளவேயுள்ள வெள்ளை ஈ. நோயுற்ற செடியில் அரைமணி நேரம் சாறு உறிஞ்சினாலே கிருமி அதன் உடலில் ஏறிவிடும். சில மணி நேரம் கழிந்தபின், அது சென்று உட்காரும் நல்ல செடிகளுக்கெல்லாம் நாட்கணக்கில் நோயைக் கொடுத்துக்கொண்டிருக்கும். 1999-ஆம் வருஷத்தில் கோலார் ஜில்லாவில் இந்த ஈயின் அன்னிய வகையொன்றும் வந்து சேர்ந்திருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. பருத்தியையும் இது விடுவதில்லை. இதன் கழிவாகிய பிசின் படிந்த பஞ்சு நூற்பாலைகளில் உருளையோடு ஒட்டிக்கொண்டு நூலை அறுக்கும். ஆகவே பனியன் தொழிலை நம்பியிருக்கும் திருப்பூருக்கும் இது ஆகாத பூச்சியே.

நோய் கண்ட செடியைக் குணப்படுத்த மருந்து கிடையாது. ஈயும் ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் அதற்குப் பழகிவிடுகிறது. எனவே ஈ வரும் நாளை அறிவதில்தான் சாமர்த்தியம் இருக்கிறது. மஞ்சள் நிறம் இதனைக் கவரும். மஞ்சள் வர்ணம் பூசிய தகடுகளில் ஆமணக்கெண்ணெய் தடவி, ஏக்கருக்கு ஐந்து வீதம் செடியின் தலைமட்டத்தில் கட்ட வேண்டும். வாரம் இருமுறை ஒட்டிய ஈக்களை எண்ணிக் குறித்து வந்தால், பெருகும் தருணம் தானே தெரியும். காலையில், வெயில் ஏறுமுன், இலைகளை மெல்லத் திருப்பி அடிப்புறத்தையும் பார்ப்பது நலம். நாற்றங்காலை நெருங்கிய கண்ணியுள்ள நைலான் வலையால் மூடுவது அவசியம். இளமையில் நோய் பிடித்த செடி பெரும்பாலும் காய்ப்பதில்லை.

நுனி மொட்டுக் கருகினால் அது வேறு நோய். அதனைப் பரப்புவது இலைப்பேன். அதற்கு நீலத் தகடு வைக்க வேண்டும்.

இனிப் பழைய தோட்டத்தின் விஷயம். ஈ மண்டிய செடியை வெறுமனே பிடுங்கினால், ஈக்கள் கிளம்பி அடுத்த தோட்டத்திற்கே போய்ச் சேரும். முதலில் வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து இலையின் அடிப்புறம் படும்படி தெளித்து ஈயை அடக்கி, பிறகு பிடுங்கிப் புதைக்க வேண்டும். விலையில் நஷ்டப்பட்டவரிடம் இந்தக் கூலியையும் கேட்பது நியாயமா என்று சிலர் வினவலாம். நியாயமன்றுதான். ஆயினும் அவர் செடியை விட்டு வைத்தால், சங்கத்தில் கடன் வாங்கிப் புதிதாய் நட்ட அண்டை வீட்டார் தவணை தவறுவார். அந்த நிலுவை சங்கத்தின் கணக்கில்தான் ஏறும். ஆதலால் பக்கத்து நிலத்தார் நால்வர் ஆளுக்கு ஒரு நாள் உடலுழைப்புக் கொடுத்து, அவருடைய தோட்டத்தைச் சுத்தம் செய்து தருவதே லாபம். எந்தெந்தத் தோட்டத்தில் பழைய செடி நிற்கிறது என்று இக்கூட்டத்திலேயே ஒரு ஜாபிதா எடுத்து, அவை யாவும் அகற்றப்பட்ட பின் நாற்று விடும் தேதியைக் குறிக்கலாம்.