அழிக்க முதல் ஒருக்கா கேளுங்கோ

(எங்கட ஞாயிறு பழுதுபார்ப்புப் பட்டறையில் பேசியதன் எழுத்து வடிவம்)



இந்த அறையில இருக்கிற பாதிப்பேர் வீட்டில "கொம்பியூட்டர் பார்க்கிற பிள்ளை"யாத்தான் வளர்ந்திருப்பீங்கள். நானும் அப்பிடித்தான். பத்து வயசில இருந்து அப்பாவின்ர கொம்பியூட்டருக்கு நான்தான் டொக்டர். பழைய வீட்டுக் கணினியில இருக்கிற தேவையில்லாத, காலாவதியான மென்பொருட்களை எப்பிடிப் பாதுகாப்பா அகற்றுறது எண்டுதான் இண்டைக்குக் கதைக்கப்போறன். முதல்ல நான் விட்ட பிழையைச் சொல்லிப்போட்டு வாறன்.

போன வருசம் அப்பா சொன்னார்: "பிள்ளை, இது சாகப்போகுது போல. புதுசு ஒண்டு வாங்குவம்." பத்து வருசப் பழைய கணினி. திறந்தவுடன் மூலையில ஒரு சிவப்புப் பெட்டி வரும்: உங்கள் பாதுகாப்பு முடிந்துவிட்டது, உடனே புதுப்பியுங்கள். வாங்கும்போதே உள்ளே வந்த வைரஸ் தடுப்பு மென்பொருள் அது. கொஞ்ச நாள் இலவசம், பிறகு வெருட்டல். அந்த வெருட்டலுக்குப் பயந்து அப்பா இன்னொரு கொம்பனியின்ர தடுப்பையும் வாங்கிப் போட்டிருந்தார். இரண்டும் ஒரே நேரத்தில ஓடி கணினியைக் கட்டிப்போட்டுது. வங்கிக் கணக்கைப் பார்த்தால் இரண்டாவதுக்கு வருசா வருசம் தானாகவே காசு போகுது. இரவு வேலை செய்து உழைச்ச காசு.

எனக்கு விசர் வந்திட்டுது. ஒரு சனிக்கிழமை பின்னேரம் இருந்து, கண்ணில பட்டதெல்லாம் அழிச்சன். கணினி பறந்துது. நானும் பெருமையாப் படுத்திட்டன்.

அடுத்த நாள் அப்பா ஒரு கோப்பைத் திறந்தார். அப்பம்மாவின்ர 31ம் நாளுக்கு அவர் தானே தட்டச்சு செய்த கல்வெட்டு. திரை முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். ஒரு தமிழ் எழுத்தும் இல்லை.

என்ன நடந்தது? யூனிகோட் பரவ முதல் எங்கட ஆக்கள் கனபேர் பாமினி எழுத்துருவில்தான் எழுதினார்கள். பாமினியில் கோப்புக்குள் சேமிக்கப்படுவது ஆங்கில விசைகளின் குறியீடுகள்தான். அவற்றைத் தமிழாகக் காட்டுவது எழுத்துரு. நான் "இது என்ன பழைய சாமான்" எண்டு அழிச்ச தட்டச்சு மென்பொருளோட அந்த எழுத்துருவும் போட்டுது. நல்லகாலம், கோப்புக்கு ஒன்றும் ஆகேல்லை. எழுத்துருவைத் தேடித் திரும்பப் போட்டதும் அப்பம்மா திரும்பி வந்தா. ஆனா அதுக்கிடையில அப்பா சொன்ன ஒரு வசனம் இன்னும் காதில இருக்கு: "இது என்ர கொம்பியூட்டர்தானே பிள்ளை, ஒருக்கா என்னட்டைக் கேட்டிருக்கலாமே."

தோழர்களே, கணினிக்குள்ள என்ன இருக்கவேணும் எண்டதை அப்பாவைக் கேட்காமல் கொம்பனிகள் முடிவெடுத்தன. பிறகு நான் முடிவெடுத்தன். அவரிட்டை மட்டும் ஒருத்தரும் கேட்கேல்லை. அதனால எதையும் அகற்ற முதல் இரண்டு கேள்வி கேட்கப் பழகியிருக்கிறன். இது யாருக்காக வேலை செய்யுது? இதை நம்பி என்ன இருக்கு?

முதல் கேள்விக்கு ஒரு உதாரணம். 2014ன் கடைசியில் விற்கப்பட்ட லெனோவோ மடிக்கணினிகள் பலவற்றில் சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர மென்பொருள் முன்கூட்டியே போடப்பட்டிருந்தது. நீங்கள் பார்க்கும் இணையப் பக்கங்களுக்குள் அது விளம்பரம் நுழைத்தது. அதற்காகத் தன்னுடைய பாதுகாப்புச் சான்றிதழ் ஒன்றையும் கணினிக்குள் வைத்தது. எல்லாக் கணினிக்கும் ஒரே சாவி. அந்தச் சாவி வெளியில் வந்ததும் வங்கிப் பக்கத்தைக்கூடப் போலியாகக் காட்டலாம் என்ற நிலை. 2015 பெப்ரவரியில் விசயம் வெடித்தது. மென்பொருளை அகற்றிய பிறகும் சான்றிதழ் உள்ளேயே இருந்தது. அதைத் தனியாக எடுக்கவேண்டியிருந்தது. காசு கொடுத்து வாங்கினவருக்காக அது வேலை செய்யேல்லை.

சரி, செய்முறைக்கு வருவம். விண்டோஸ் 10ஐ வைத்துச் சொல்றன்.

முதலாவது, படங்கள், கடிதங்கள், விசாப் பத்திரங்கள் எல்லாவற்றையும் வெளி டிரைவில் பிரதி எடுங்கோ. எழுத்துருக்களையும் சேர்த்து எடுங்கோ. பிறகு ஒரு ரிஸ்டோர் பொயின்ட் உருவாக்குங்கோ. அது விண்டோஸின் அமைப்புகளைத்தான் முந்தைய நிலைக்குக் கொண்டுவரும், உங்கட படங்களை இல்லை. அதனால பிரதி கட்டாயம்.

இரண்டாவது, காசு கட்டுற மென்பொருள் எண்டால் முதலில் தானியங்கிப் புதுப்பித்தலை நிறுத்துங்கோ. கணினியில இருந்து அழிச்சால் சந்தா நிக்காது. காசு தொடர்ந்து போகும். பிரிட்டனில் போட்டி மற்றும் சந்தைகள் ஆணையம் இதை விசாரித்தது. அதன் பிறகு 2021ல் மக்காஃபியும் நோர்ட்டனும், தானாகப் புதுப்பிக்கப்பட்ட பின்னும் மீதிக் காலத்துக்கான காசைத் திரும்பப் பெறும் உரிமையை வாடிக்கையாளருக்குத் தருவதாக உறுதியளித்தன. ஆகவே கேளுங்கோ, வெக்கப்படாதேங்கோ.

மூன்றாவது, செட்டிங்ஸில் அப்ஸ் பட்டியலுக்குப் போய் அங்கிருந்து அகற்றுங்கோ. புரோகிராம் ஃபைல்ஸ் கோப்புறையை நேராக அழித்தால் மிச்சம் மீதி உள்ளே கிடந்து தொல்லை தரும். ஒவ்வொன்றாக அகற்றி, கணினியை மீளத் தொடக்கிப் பார்த்து, பிறகு அடுத்தது. அப்பத்தான் ஏதும் பிழைச்சால் எதால எண்டு தெரியும்.

நான்காவது, எதைத் தொடக்கூடாது? விஷுவல் சி பிளஸ் பிளஸ் என்று பெயர் வருபவற்றை விடுங்கோ. வேறு மென்பொருட்கள் அவற்றை நம்பி இருக்கும். ஒலி, திரை, வைஃபை டிரைவர்களையும் விடுங்கோ. பெயர் விளங்காட்டில் தேடிப் பாருங்கோ. தேடியும் விளங்காட்டில் விட்டுவிடுங்கோ. கண்ணை மூடிக்கொண்டு எடுக்கக்கூடியதும் உண்டு. அடோபி ஃப்ளாஷ் பிளேயருக்கான ஆதரவு 2020 டிசம்பர் 31ல் முடிந்தது. அதை அகற்றச் சொன்னதே அடோபிதான்.

ஐந்தாவது, வைரஸ் தடுப்பை அகற்றினால் மிச்சத்தைத் துடைக்க அந்தந்த நிறுவனமே பெரும்பாலும் ஒரு கருவி தரும். அதை அவர்களின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் எடுங்கோ. வேறு தடுப்பு இல்லையென்றால் விண்டோஸின் சொந்த டிஃபெண்டர் தானாக வேலையைத் தொடங்கும். தொடங்கிவிட்டதா என்று ஒருக்கா திறந்து பாருங்கோ. எல்லாம் அகற்றிய பிறகும் சிவப்புப் பெட்டி வந்தால் உலாவியைப் பாருங்கோ. எப்போதோ ஒரு தளத்துக்கு அறிவிப்பு அனுமதி கொடுத்திருப்பார்கள். அதை எடுத்தால் சரி.

"ஒரே கிளிக்கில் சுத்தம்" என்று வரும் கருவிகள் தேவையில்லை. 2017ல் சிசிகிளீனர் என்ற பிரபலமான துப்புரவுக் கருவியின் 5.33 பதிப்புக்குள்ளேயே தீங்குநிரல் புகுந்து, ஏறக்குறைய 22 லட்சத்து 70 ஆயிரம் பேருக்குப் போய்ச் சேர்ந்தது.

இன்னொன்று. விண்டோஸ் 10க்கே வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ல் முடிந்துவிட்டது. வேகமில்லாத கணினி செத்த கணினி இல்லை. ஆனா பாதுகாப்புப் புதுப்பிப்பு இல்லாமல் அதில வங்கி வேலை செய்யிறது ஆபத்து. விண்டோஸ் 11 ஏறாத கணினியில் லினக்ஸ் மின்ட் போன்றதைப் போடலாம். அது வேறொரு நாள் பட்டறை.

நானும் அப்பாவும் இரண்டாம் தரம் ஒன்றாக இருந்து செய்தம். பட்டியலை வாசிச்சு ஒவ்வொன்றும் என்ன எண்டு சொன்னன். "இது வேணும், இது வேண்டாம்" எண்டு அவர் சொன்னார். இரண்டு மணித்தியாலம் எடுத்தது. அதுக்குள்ள ஊர்ச்சங்கத்தின்ர பழைய கூட்டக் குறிப்புகள், நான் பிறக்க முதல் அவர் எழுதின கடிதங்கள் எல்லாம் வெளிய வந்தது. எனக்கு அப்பிடி ஒண்டு இருக்கெண்டே தெரியாது. இப்ப ஒவ்வொன்றாக யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறம். மாற்றின பிறகு அவர்தான் வாசிச்சுப் பிழை திருத்துறார்.

அடுத்த பட்டறைக்கு வரேக்க கணினியோட ஒரு வெளி டிரைவும் கொண்டு வாங்கோ. ஏலுமெண்டால் கணினியின்ர சொந்தக்காரரையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. தேத்தண்ணி நாங்கள் போடுறம்.