மோட்டார்க் கருவியில் பழைய எண்களை நீக்குதல்

(உழவர் பயிற்சி முகாமில் உழவியல் விரிவுரையாளர் ஆற்றிய உரை)



கைப்பேசி மூலம் மோட்டாரை இயக்கும் கருவி இன்று நம் கிணற்றுமேடுகளில் பரவலாகப் பொருத்தப்பட்டு வருகிறது. மும்முனை மின்சாரம் இரவில் வந்தாலும், இருட்டில் வரப்பின்மேல் நடந்து செல்ல வேண்டிய தொல்லை இதனால் குறைந்துள்ளது. கருவியைப் பொருத்தும் விதம் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். அதிலிருந்து பழைய எண்களை நீக்கும் விதம் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. ஆகவே அதைப் பற்றி இன்று கூற விரும்புகிறேன்.

இக்கருவிக்குள் ஒரு சிம் அட்டை உண்டு. எந்தெந்த எண்களின் கட்டளையை ஏற்க வேண்டும் என்ற பட்டியலும் அதன் நினைவகத்தில் இருக்கும். முதலில் பதிவாகும் எண் பெரும்பாலும் முதன்மை எண்ணாக அமையும். மற்ற எண்களைச் சேர்ப்பதும் நீக்குவதும் அதன் வழியாகவே நடைபெறும். பட்டியலில் உள்ள எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் கருவி மோட்டாரை ஓட்டும். அந்த எண் இப்போது யார் கையில் இருக்கிறது என்பது கருவிக்குத் தெரியாது.

குத்தகைதாரர் மாறிவிடுகிறார். வெளியூர் சென்ற மகன் பழைய எண்ணை விட்டுவிடுகிறார். நம் நாட்டில், கைவிடப்பட்ட எண் 90 நாட்கள் கழிந்த பின் வேறொருவருக்கு ஒதுக்கப்படலாம். மின்சாரம் வந்தவுடன் கருவி அந்த எண்ணுக்குத் தகவல் அழைப்பு விடுக்கும். யாரோ என்று எண்ணி அவர் திருப்பி அழைப்பார். சிலவகைக் கருவிகளில் அந்த ஓர் அழைப்பே மோட்டாரை ஓட்டப் போதுமானது.

அறுவடைக்குத் தயாரான கொத்து நிலக்கடலை வயலில் இவ்வாறு நீர் பாய்ந்தால், விதை உறக்கம் இல்லாத ரகங்களில் காய்கள் மண்ணிலேயே முளைத்துவிடும். கிணற்றில் நீர் இல்லாதபோது ஓடினால் மோட்டார் கருகும். குழாயைக் கழற்றும் வேளையில் ஓடினாலோ உயிருக்கே ஆபத்து.

எண்ணை நீக்கக் கையாள வேண்டிய முறைகள் வருமாறு:

1. முதன்மை எண்ணிலிருந்து கருவிக்குக் குறுஞ்செய்தி அனுப்பி, பதிவான எண்களின் பட்டியலைப் பெறுங்கள். செய்தியின் வாசகம் கருவிக்குக் கருவி மாறும். கையேட்டில் உள்ளபடியே அனுப்ப வேண்டும்.

2. வேண்டாத எண்களை ஒவ்வொன்றாக நீக்குங்கள். பின்னர் மறுபடியும் பட்டியலைப் பெற்றுச் சரிபாருங்கள். நீக்கிய எண் உள்ள கைப்பேசி கிடைக்குமானால், மோட்டார் அருகில் எவரும் இல்லாதபோது அதிலிருந்து அழைத்துப் பாருங்கள். மோட்டார் ஓடக்கூடாது.

3. முதன்மை எண்ணையே மாற்றுவதாயின், புதிய எண்ணைப் பதிவு செய்த பிறகே பழைய சிம் அட்டையைக் கைவிட வேண்டும். முன்னதாகவே தவறிவிட்டால், விற்பனையாளரைக் கொண்டு கருவியின் பதிவுகள் முழுவதையும் அழித்துப் புதிதாகப் பதிவு செய்யுங்கள்.

4. செயலி மூலம் இயங்கும் கருவியாயின், கைப்பேசியிலிருந்து செயலியை அழித்தால் மட்டும் போதாது. கணக்கில் பங்கு பெற்றவர்களின் பெயரை நீக்கிக் கடவுச்சொல்லையும் மாற்ற வேண்டும்.

இங்கே மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். தொட்டி நிறைந்ததும் மோட்டாரை நிறுத்த மிதவை சுவிட்சு வைத்திருப்பீர்கள். பழுதான மிதவையைக் கழற்றினாலும், காலை 6 மணிக்கு மோட்டாரை ஓட்டு என்ற நேரக்கட்டளை கருவியில் அப்படியே இருக்கும். ஓட்டும் கட்டளை உண்டு, நிறுத்தும் கருவி இல்லை என்ற நிலை ஏற்படும். எனவே முதலில் நேரக்கட்டளைகளை நீக்குங்கள். அதன் பிறகு கருவியைச் செயலியிலிருந்து நீக்குங்கள். கம்பியைக் கழற்றுவது கடைசி வேலை. அதையும் மின்சாரத்தைத் துண்டித்த பிறகே செய்ய வேண்டும்.

பதிவான எண்களை ஒரு தாளில் எழுதி ஸ்டார்ட்டர் பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்டி வையுங்கள். ஆடிப் பட்டத்திற்கும் தைப் பட்டத்திற்கும் முன்பாகப் பட்டியலை ஒருமுறை ஒப்பிட்டுப் பார்ப்பது நலம்.

இறுதியாக ஒன்று. எண்களை எவ்வளவு ஒழுங்காக நீக்கியிருந்தாலும், அதை நம்பிக் கிணற்றில் இறங்காதீர்கள். மோட்டாரிலோ குழாயிலோ கை வைக்கும் முன் மெயின் சுவிட்சை நிறுத்தி, பியூஸ் கட்டைகள் மூன்றையும் பிடுங்குங்கள். வேலை முடியும் வரை அவை வேலை செய்பவரின் வசமே இருக்கட்டும். கைப்பேசியில் யார் அழைத்தாலும் அப்போது மோட்டார் ஓடாது.

இம்முறைகளைத் தவறாது கடைப்பிடித்துப் பயிரையும் மோட்டாரையும் உயிரையும் காத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொண்டு, என் உரையை முடிக்கிறேன்.