தீயணைப்பு வண்டி வந்து சேருமுன்
(மருத்துவமனை ஆதரவாளர் கூடுகையில் அளித்த உரை)



விருத்தாசலம் நெருப்பினால் பிழைக்கிற ஊர். இங்குள்ள பீங்கான் சூளைகளில் ஏறக்குறைய 1,200 டிகிரி வெப்பத்தில் வெந்துதான் பொம்மைகளும் ஜாடிகளும் மின்சார பியூஸ் கட்டைகளும் வெளியே வருகின்றன. தானியேலின் மூன்று நண்பர்களைப் பற்றி ஞாயிறு பள்ளியில் சொல்லும்போது, அக்கினிச் சூளை என்றால் என்ன என்று எங்கள் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனால் தீக்காயத்தோடு எங்களிடம் வருகிறவர்களில் சூளைத் தொழிலாளர் குறைவு. அடுப்படியிலிருந்தும் கூரை வீட்டிலிருந்தும் வருகிறவர்களே அதிகம். இட்லி மாவையும் பேனா மையையும் பற்பசையையும் காயத்தில் பூசிக்கொண்டு வருகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள், அதுவே முதல் மருந்து.

நமது ஊர் தீயணைப்பு நிலையத்தாரின் பணியைப் பலர் அறிந்ததில்லை. கிணற்றில் விழுந்த மாட்டையும் மனிதரையும் கயிறு கட்டித் தூக்குவது அவர்களே. வீட்டுக்குள் புகுந்த பாம்புக்கும் அவர்களையே அழைக்கிறோம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் நமது மாவட்டத்து முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தபோது, சாலையில் கிடந்த மரங்களை அறுத்து வழிதிறந்தவர்களில் அவர்களும் உண்டு.

சாதாரணமாக ஒரு தீயணைப்பு வண்டி சுமார் 4,500 லிட்டர் தண்ணீர் கொள்ளும். பெரிய அளவாகத் தோன்றும். பம்பை முழு வேகத்தில் ஓட்டினால் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும்; பிறகு கிணறோ குளமோ தேட வேண்டும். எண்ணெய்த் தீக்கு நுரை, எரிகிற கூரையைப் பிடுங்க நீண்ட கொக்கி, புகைக்குள் நுழைய முதுகில் மாட்டும் காற்று உருளை, ஏணி, இரும்பு அறுக்கும் கருவி ஆகியவையும் இந்தச் சேவைக்கு உண்டு. இவை எல்லாம் இருந்தும், குறுகிய சந்தில் வண்டி நுழையாது. கோடையில் ஒரே மத்தியானத்தில் இரண்டு கிராமங்களில் தீப்பிடித்தால் ஒரு வண்டி இரண்டு இடத்தில் நிற்க முடியாது. 101-க்கு அழைத்த பிறகு வண்டி வரும்வரை உள்ள நிமிடங்கள் அவர்களுடையவை அல்ல, நம்முடையவை.

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த கூரைக் கொட்டகை எரிந்து 28 பேர் மாண்டார்கள். சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியவில்லை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளியில் 94 குழந்தைகள். 2011 டிசம்பரில் கொல்கத்தாவில் ஒரு பெரிய மருத்துவமனையின் அடித்தளத்தில் பிடித்த தீயின் புகை மேலேறி, படுக்கையில் இருந்தவர்களே பெரும்பாலும், சுமார் 90 பேர் மடிந்தார்கள். அது ஓலைக் கூரை அல்ல, நவீன கட்டடம்.

எங்கள் வார்டுகளில் சங்கிலி இல்லை. ஆனால் தொடை எலும்பு முறிந்து காலில் எடை தொங்கப் படுத்திருக்கிறவர், அறுவை மேஜையில் மயக்கத்தில் இருக்கிறவர், பிறந்து ஒரு நாளான சிசு ஆகியோரும் கட்டப்பட்டவர்கள்தானே? அவர்களைத் தோளில் சுமந்து மாடிப்படியில் இறக்க எத்தனை நர்சுகள் வேண்டும்!

ஆகவே இந்த ஆண்டு உங்களிடம் கேட்பது ஸ்கேன் இயந்திரம் அல்ல. மேல்மாடி வார்டிலிருந்து கட்டிலோடு உருட்டி இறக்க வெளிப்புறமாக ஒரு சாய்தளம், ஜன்னல் கம்பிகளில் உள்ளிருந்து திறக்கும் கதவு, ஒவ்வொரு வார்டுக்கும் பொடி தீயணைப்பான், மின்பலகை அருகே கரியமில வாயு உருளை. உருளையை வாங்கி மாட்டினால் போதாது; குறித்த காலத்தில் சோதித்து நிரப்பவும் செலவுண்டு. கட்டில் கொடுத்தால் அதில் பெயர் எழுதலாம், சாய்தளத்தில் எழுதினால் மிதிபடும். இதற்குக் காணிக்கை சேர்ப்பது எளிதல்ல என்று அறிந்தே கேட்கிறோம்.

1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் கப்பல் வெடித்து உயிர்துறந்த தீயணைப்பு வீரர்களின் நினைவாக, ஆண்டுதோறும் அந்த நாளில் தீத்தொண்டு வாரம் தொடங்குகிறது. அந்த வாரத்தில் தீயணைப்பு வீரர்களை அழைத்து, சமையல்காரர் முதல் டாக்டர் வரை எல்லாரும் கருவியைக் கையில் பிடித்துப் பழக விரும்புகிறோம். இயன்றவர்கள் வந்து கலந்துகொள்ளுங்கள். நமது ஊர் தீயணைப்பு வீரர்களையும் அவர்கள் குடும்பங்களையும் உங்கள் ஜெபக் குறிப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள்.